குளிர் ரூமுக்குள்ள ஜிகினா பறக்குது, இது என்னங்க?

மாங்கூழ்காரன் | ஜூன் 11, காலை 6:40

நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். படுக்குறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடலாம்னு எழுதுறேன்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில ஸ்டோர் பார்க்குறேன். கூழ் தவிர, மாம்பழத்தைத் துண்டு போட்டு உறைய வைக்கிற வேலையும் இங்க உண்டு. துண்டுகளை மைனஸ் 35-ல உறைய வச்சு, அப்புறம் மைனஸ் 20 ரூம்ல அடுக்குவோம். சீசன் உச்சத்துல இருக்கு. கதவு மூடுறதுக்கு நேரமே இல்ல, வண்டி உள்ளே போறதும் வர்றதுமா இருக்கு.

நேத்து ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நின்னுட்டு இருந்துச்சு, லைட் எரியுது. அந்த வெளிச்சத்துல பார்த்தா காத்து பூரா ஜிகினா! கல்யாண வீட்டுல மேலேர்ந்து தூவுவாங்களே, அது மாதிரி. ஒவ்வொண்ணும் ஒரு கணம் பளிச்சுனு மின்னும், உடனே அணையும், பக்கத்துல வேற ஒண்ணு மின்னும். கையை நீட்டிப் பார்த்தேன், ஒண்ணும் படலை. லைட்டுக்கு எதிர்ல நின்னாத்தான் தெரியுது. லைட்டை முதுகுக்குப் பின்னாடி விட்டுட்டுப் பார்த்தா வெறும் இருட்டு.

கூட வேலை பார்க்குற பசங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஒருத்தன், ரூமைக் குளிர வைக்கிற அம்மோனியா லீக்குங்குறான். இன்னொருத்தன் சுவர் பேனல்ல இருந்து கண்ணாடிப் பஞ்சு உதிருது, நுரையீரலுக்கு ஆகாதுங்குறான். எட்டு மணி நேரம் அதுக்குள்ள போயிட்டு வர்றோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

குளிர்மெக்கானிக் | ஜூன் 11, காலை 9:15

ஓசூர்ல 18 வருசமா இந்த வேலைதான் பண்றேன் தம்பி. முதல்ல பயத்தை விடுங்க. அம்மோனியா லீக் ஆச்சுன்னா நின்னு வேடிக்கை பார்த்துட்டு இருக்க மாட்டீங்க. கண்ணு எரிஞ்சு, மூக்கைப் பொத்திக்கிட்டு கேட்டுக்கு வெளியில ஓடியிருப்பீங்க. கண்ணாடிப் பஞ்சும் இப்ப அநேகமா வைக்கிறதில்ல, நுரை அடைச்ச பஃப் பேனல்தான். பஃப் மின்னாது.

அது ஐஸ். கூலிங் காயில்ல பனி பிடிக்கும். அதை உருக்குற டிஃப்ராஸ்ட் முடிஞ்சு ஃபேன் திரும்ப ஓடும்போது ஒட்டிக்கிட்டு இருந்த மிச்சம் மீதி பொடிப்பொடியா பறந்து வரும். உங்க ஜிகினா அதுதான். கதவு கேஸ்கெட்டை, அதான் ஓரத்து ரப்பரை, பாருங்க, பிளாஸ்டிக் திரை கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. வெளிக்காத்து உள்ளே போகுதுன்னா கரண்ட் பில்லுலயும் தெரியும்.

---

மாங்கூழ்காரன் | ஜூன் 11, மாலை 5:02

நன்றிண்ணா. நிம்மதியா தூங்கினேன். ஆனா ஒரு சந்தேகம். நான் பார்த்தப்ப டிஃப்ராஸ்ட் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆயிருந்துச்சு. அதுவும் காயில் பக்கம் இல்ல, கதவுக்குப் பக்கத்துலதான் நிறைய மின்னுச்சு. காயில் அந்தக் கோடியில இருக்கு.

---

பாலக்கோட்டு வாத்தியார் | ஜூன் 11, இரவு 8:30

தம்பி, கடைசியில் சொன்னீர்களே, "கதவுக்குப் பக்கத்துல" என்று, அதில்தான் விஷயம் இருக்கிறது. மெக்கானிக் தம்பி சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாத ராத்திரி, வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 16 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதே காற்று மைனஸ் 20-க்குப் போனால் ஒரு கிராம்கூடத் தாங்காது. மீதி 15 கிராம் எங்கே போகும்? கதவைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை மாதிரி உருளுகிறதே, முதலில் அப்படிப் பொடித் துளிகளாக ஆகிறது. அது புகையல்ல, மூடுபனி.

இனிமேல்தான் சுவாரசியம். மைனஸ் 20-ல் தண்ணீர் கட்டாயம் உறைந்துவிடும் என்றுதானே நினைக்கிறோம்? உறையாது! சுத்தமான சின்னத் துளி, தொற்றிக்கொள்ள ஒரு தூசியோ ஐஸ் துண்டோ கிடைக்காவிட்டால், ஏறக்குறைய மைனஸ் 40 வரைக்கும் தண்ணீராகவே இருக்கும். ஆனால் உங்கள் ரூமில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. காயிலில் இருந்து உதிர்ந்த ஒரு பொடி அந்த மூடுபனிக்குள் நுழைந்தால் போதும். மைனஸ் 20-ல் தண்ணீரின் மேல் இருக்கும் ஆவி அழுத்தத்தைவிட ஐஸின் மேல் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அதனால் துளிகள் ஆவியாகி மெலியும், ஐஸ் துகள் அந்த ஆவியைத் தின்று பெருக்கும். பந்தியில் முதலில் உட்கார்ந்தவன் அடுத்தவன் இலையில் இருப்பதையும் வழித்துச் சாப்பிட்ட கதைதான். அப்படி வளர்வது அறுகோணத் தகடாக வளரும். தகடு திரும்பும்போது ஒரு கணம் லைட்டைக் காட்டும். அதுதான் உங்கள் ஜிகினா.

கடுங்குளிர் நாடுகளில் இது வானத்தின் கீழேயே நடக்கிறது. மேகம் இருக்காது, வானம் நீலமாக இருக்கும், ஆனால் காற்றில் மின்னிக்கொண்டே ஐஸ் இறங்கும். வைரத்தூள் என்று அதற்குப் பெயர். வானிலை நிலையங்கள் அனுப்பும் செய்தியில் இதற்கென்றே 76 என்று ஒரு குறியீட்டு எண் உண்டு.

இன்னொரு செய்தி. 1946 ஜூலையில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் வின்சென்ட் ஷேஃபர் என்பவர் ஒரு ஃப்ரீசர் பெட்டிக்குள் மூச்சை ஊதி, மேகம் உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு ஊதியும் அது ஐஸாகவில்லை. அன்றைக்கு வெயில் அதிகம், பெட்டி போதுமான அளவு குளிரவில்லை. சரி, குளிரட்டும் என்று ஒரு துண்டு உலர் ஐஸைப் போட்டார். உலர் ஐஸ் மைனஸ் 78. போட்ட மாத்திரத்தில், விளக்கு வெளிச்சத்தில் பெட்டி முழுக்கப் பொடி ஐஸ் மின்னியது. நீங்கள் ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்ததைத்தான் அவரும் பார்த்தார். அதே வருஷம் நவம்பர் 13-ம் தேதி விமானத்தில் ஏறி, மேகத்தில் உலர் ஐஸைத் தூவிவிட்டார். செயற்கை மழை என்று பேசுகிறோமே, அதற்குப் பிள்ளையார் சுழி அந்த ஃப்ரீசர் பெட்டிதான்.

---

தளி_பையன் | ஜூன் 11, இரவு 9:11

சார் செம!! இது நம்ம வத்தல்மலையிலயும் விழுந்திருக்கு சார். போன டிசம்பர்ல எங்க குரூப்ல போட்டோ வந்துச்சு. "தர்மபுரியில் வைர மழை, இயற்கையின் அதிசயம்"னு. பைன் மரம், பின்னாடி சூரியன், காத்து பூரா மினுமினுன்னு இருந்துச்சு.

---

வத்தல்மலை_காபி | ஜூன் 11, இரவு 9:40

தம்பி, நான் வத்தல்மலையிலயே பொறந்து வளர்ந்தவ. எங்க காட்டுல காபி, மிளகு, சில்வர் ஓக் இருக்கு. அந்தப் போட்டோவுல இருக்குற மாதிரி மரம் எங்க மலையில எங்க இருக்குன்னு காட்டு, வந்து பார்க்குறேன். மார்கழியில விடிஞ்சா எதிர்ல வர்ற ஆள் தெரியாத அளவுக்குப் பனி மூடும், காபி இலையில சொட்டுச் சொட்டா தண்ணி நிக்கும், அவ்வளவுதான். உறைஞ்சு நான் பார்த்ததில்ல. எங்க ஆயாவும் சொன்னதில்ல.

---

பாலக்கோட்டு வாத்தியார் | ஜூன் 11, இரவு 10:05

அம்மா சொன்னது சரி. நம் பக்கத்தில் மார்கழி விடிகாலையில் 12, 13 டிகிரி என்றாலே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். வைரத்தூள் என்றால் மைனஸ் 10-ல் ஆரம்பித்து, மைனஸ் 30-க்குக் கீழே சர்வ சாதாரணம். வத்தல்மலைப் பனி முழுக்கத் தண்ணீர்த் துளி. அந்தப் போட்டோ எந்த ஊரோ.

---

அரூர்_ஹவில்தார் | ஜூன் 12, காலை 5:20

எல்லாருக்கும் வணக்கம். இதை நான் கண்ணால பார்த்திருக்கேன், அதான் எழுதுறேன்.

லடாக் பக்கம் ஒரு போஸ்ட்ல ரெண்டு குளிர்காலம் இருந்தேன். எந்த இடம்னு வேண்டாம். ஜனவரி மாசம். ராத்திரியெல்லாம் மைனஸ் 30 போகும். புக்காரி அடுப்பு அணைஞ்சா விடியுறதுக்குள்ள ஜெர்ரிகேன்ல தண்ணி கல்லாயிடும். ஒரு நாள் காலையில சென்ட்ரி மாத்த வெளியில வந்தேன். வானம் கழுவி விட்ட மாதிரி, ஒரு பொட்டு மேகம் இல்ல. மலைக்குப் பின்னாடி இருந்து சூரியன் அப்பத்தான் எட்டிப் பார்க்குது. பார்த்தா எங்க போஸ்டுக்கும் எதிர் மலைக்கும் நடுவுல காத்து பூரா மின்னுது. சத்தமே இல்ல. பொன்னுப் பொடியைக் காத்துல விட்ட மாதிரி. கூட இருந்த கார்வால்காரன் ஒருத்தன் ஒண்ணுமே பேசாம தொப்பியைக் கழட்டிட்டு நின்னான். காது உறைஞ்சிடும்டான்னு நான்தான் மாட்டிவிட்டேன்.

பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்து எத்தனையோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன். மேகமே இல்லாம பனி பெஞ்சுதுன்னா எவன் நம்புறான்? "ரம் அளவு கூடிப் போச்சா"ன்னு கேட்டான் என் மச்சான். இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு பேர் இருக்குன்னே தெரியுது. வாத்தியாருக்கு ஒரு சல்யூட்.

---

குளிர்மெக்கானிக் | ஜூன் 12, காலை 8:50

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. மேகமே இல்லாம எப்படின்னு எனக்கும் உதைக்குது. மலை மேல ஏற்கெனவே விழுந்து கிடக்குற பனியைக் காத்து கிளப்பி விட்டிருக்கலாம் இல்லையா? எங்க காயில் பொடி மாதிரியேதான். புதுசா பொறந்ததா, பழசு பறக்குதான்னு எப்படித் தெரியும்?

---

அரூர்_ஹவில்தார் | ஜூன் 12, காலை 9:30

நல்ல கேள்வி தம்பி. காத்து அடிச்சா பனி எப்படிப் பறக்கும்னு எனக்கும் தெரியும். அது தரையை ஒட்டி, பாம்பு ஊர்ற மாதிரி போகும். இல்லைன்னா உச்சியில இருந்து கொடி பறக்குற மாதிரி ஒரு பக்கமா நீளும். மூஞ்சியில ஊசி மாதிரி குத்தும். அன்னைக்குக் காத்தே இல்ல. புக்காரிப் புகை குழாயை விட்டு ஒரு ஆள் உயரம் மேல போய், அங்கேயே படுக்கையா நின்னுச்சு. மின்னுனதெல்லாம் நின்ன இடத்துலயே தூங்கி வழியுற மாதிரி கீழே இறங்குச்சு.

---

பாலக்கோட்டு வாத்தியார் | ஜூன் 12, காலை 11:00

ஹவில்தார் ஐயா, அந்தப் புகை படுத்துக் கிடந்தது என்றீர்களே, அது ஒன்றே போதும் சாட்சிக்கு.

நம் ஊரிலும் மார்கழி விடிகாலையில் அடுப்புப் புகை மேலே போகாமல் ஓட்டுக்கு மேலேயே தெரு நீளத்துக்குப் படுத்திருக்கும், கவனித்திருப்பீர்கள். தெளிந்த வானம், காற்றில்லாத ராத்திரி என்றால் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்றுதான் அதிகக் குளிர்ச்சி, மேலே போகப்போகக் கொஞ்சம் சூடு. தலைகீழ் ஏற்பாடு. லடாக்கிலும் அண்டார்டிகாவிலும் அதே கதைதான், குளிர்தான் பல மடங்கு. மேலே இருக்கும் கொஞ்சம் ஈரமான காற்று கீழே இருக்கும் கடுங்குளிர்க் காற்றோடு கலக்கும் இடத்தில் ஆவி நேராக ஐஸாகிவிடும். அதற்கு மேகம் தேவையில்லை. நீங்கள் நின்ற இடத்துக் காற்றே மேகம் செய்யும் வேலையைச் செய்திருக்கிறது.

மெக்கானிக் தம்பி கேட்டதையும் தள்ளிவிட முடியாது. காற்றடிக்கும் நாளில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ராத்திரியில் ஒரு அடையாளம் உண்டு. ஹவில்தார் ஐயா, போஸ்டில் விளக்கு எரிந்தபோது அதற்கு நேர் மேலே கம்பம் நட்ட மாதிரி வெளிச்சம் நின்றதா?

---

அரூர்_ஹவில்தார் | ஜூன் 12, காலை 11:25

ஆமாங்கய்யா!! அது வேற ஒரு நாள். கீழே கான்வாய் நிக்குற இடத்துல நாலஞ்சு லைட்டு. ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு தூண் நேரா வானத்துக்குப் போச்சு. சர்ச் லைட் அடிக்கிறாங்கன்னு நினைச்சு ரேடியோவுல கேட்டோம். அவங்க, "நாங்க ஒண்ணும் அடிக்கலை, நீங்கதான் அடிக்கிறீங்கன்னு பார்த்தோம்"னாங்க.

---

வடக்கே_போனவள் | ஜூன் 12, இரவு 10:48

நான் ஊத்தங்கரைப் பொண்ணு, இப்ப இருக்குறது கனடாவுல ஆல்பர்ட்டா. ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், இந்த இழையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியலை.

அந்தத் தூணுக்குக் காரணம் தகடுகள் படுக்கை வசமா மிதந்து இறங்குறதுதான். கே.ஆர்.பி. டேம்ல ராத்திரி நின்னா அக்கரை லைட்டு தண்ணியில நீளமா கோடு போட்ட மாதிரி தெரியும்ல? அலையில ஒவ்வொரு சின்னச் சரிவும் ஒரு கண்ணாடி. இங்க தண்ணிக்குப் பதிலா காத்துல லட்சக்கணக்குல கண்ணாடி, அவ்வளவுதான். எங்க தெருவுல விளக்கு மஞ்சள்னா தூண் மஞ்சள், சிக்னல்ல சிவப்பு விழுந்தா தூணும் சிவப்பு. முதல் வருசம் பார்த்தப்ப பயந்துட்டேன்.

மைனஸ் 35 காலையில எப்படி இருக்கும்னு சொல்றேன். காரை ராத்திரியே கரண்ட்ல சொருகி வச்சிருக்கணும், இல்லைன்னா இஞ்சின் எழுந்திருக்காது. கதவைத் திறந்து முதல் மூச்சு இழுத்தா மூக்குக்குள்ள முடி கல்லாகி ஒட்டிக்கும். வேலைக்குப் போற வழியில ஊருக்குள்ள ஒரே வெள்ளை மூட்டம். வண்டிப் புகை, வீட்டுக் குழாய்ல வர்ற ஆவி, எல்லாம் வந்த வேகத்துல உறைஞ்சு அங்கேயே நிக்கும். அதை ஐஸ் மூடுபனின்னு சொல்லுவாங்க. அழகெல்லாம் கிடையாது, முன்னாடி போற வண்டியே தெரியாது, எரிச்சல்தான் வரும். ஊரைத் தாண்டி ஹைவேக்கு வந்தா பளிச்சுனு வெயில், ரொம்ப தூரத்துக்குத் தெரியும். அப்பத்தான் இந்த மினுமினுப்பு. சூரியன் பக்கம் பார்த்தா மட்டும். சூரியனுக்கு ரெண்டு பக்கமும் இன்னும் ரெண்டு சூரியன் நிக்கும்.

ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டி, கருப்பு கோட்டுக் கையை நீட்டிக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒண்ணு உட்கார்ந்துச்சு. தலைமுடியோட கனம்தான் இருக்கும். கண்ணைக் கிட்டக் கொண்டு போறேன், மெல்லிசாத் தகடு, ஓரம் மட்டும் வெள்ளிக் கோடு. சரியா பார்க்குறதுக்குள்ள என் மூச்சுப் பட்டுப் போச்சு. அடுத்ததுக்கு மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். பின்னாடி வந்த ஒரு தாத்தா வண்டியை நிறுத்தி, உடம்பு சரியில்லையான்னு கேட்டார்.

---

தேன்கனி | ஜூன் 13, காலை 7:30

விஞ்ஞானத்துக்கு நடுவுல என் மொழிக் கவலை ஒண்ணு. இதைத் தமிழ்ல என்னன்னு சொல்றது? நமக்கு எல்லாமே பனிதான். புல்லுல நிக்குற தண்ணியும் பனி, மூடுறதும் பனி, ஊட்டியில புல்லு வெளுக்குறதும் பனி, இமயமலையில விழுறதும் பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்"னு எங்க அம்மா சொல்லும்போது அது எந்தப் பனின்னு யாரும் கேட்டதில்ல.

எங்க தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவுல மூணு பாஷை. தெலுங்குக்காரங்களுக்கும் எல்லாம் மஞ்சுதான், நம்மள மாதிரியே. கன்னடத்துல மட்டும் புல்லு மேல நிக்குறதுக்கு இப்பனின்னு தனிப் பேர் வச்சிருக்காங்க, மூடுறது மஞ்சு. அந்த அளவுக்காவது நாமளும் பிரிக்க வேணாமா?

வைரத்தூள்ங்குறது கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நகைக்கடை விளம்பரம் மாதிரி ஒலிக்குது. என் ஓட்டு "காக்காப்பொன் பனி"க்கு. சின்ன வயசுல பாறையில இருந்து காக்காப்பொன் உரிச்சு வெயில்ல திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அதே தகடு, அதே மின்னல்.

---

தளி_பையன் | ஜூன் 13, காலை 7:52

ஐஸ் மழைன்னு சொல்லலாமே?

---

தேன்கனி | ஜூன் 13, காலை 8:01

அதைச் சொன்னா ஊர்ல எல்லாரும் ஆலங்கட்டி மழைன்னு நினைச்சு மாந்தோப்புக்கு ஓடுவாங்கப்பா. மே மாசம் விழுந்த கல்லுல என் மாமா தோப்புல பாதிப் பிஞ்சு போச்சு, நீ வேற.

---

மாந்தோப்பு_77 | ஜூன் 13, காலை 8:20

பிஞ்சு போனதுகூடப் பரவாயில்லைங்க, இருக்குற காயை எந்த விலைக்குக் கேட்குறாங்க தெரியுமா? பறிக்கிற கூலிக்கே பத்தலை. இதைப் பத்தி யாராவது பேசுங்க முதல்ல.

---

நிர்வாகி | ஜூன் 13, காலை 10:00

மாங்காய் விலை பற்றிய 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். நியாயமான கோபம்தான், அங்கே தொடருங்கள். இங்கே பனி மட்டும்.

---

பாலக்கோட்டு வாத்தியார் | ஜூன் 13, மாலை 4:15

காக்காப்பொன் பனி! என் ஓட்டும் அதற்கே.

வத்தல்மலை அம்மா உறைந்த பனியைப் பார்த்ததில்லை என்றார். நம் தர்மபுரிக்காரர்கள் எல்லோரும் இந்த ஐஸ் தகடுகளைப் பார்த்திருக்கிறோம், கீழே அல்ல, மேலே. நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காட்டுவார்களே, அந்த வட்டத்தை நினைத்துப் பாருங்கள். மெல்லிய வெண்ணிற மேகம் வானம் முழுக்கப் பரவியிருக்கும் நாளில் நிலாவைச் சுற்றிப் பெரிய வளையம் விழும். அந்த மேகம் தண்ணீர் அல்ல, பல கிலோமீட்டர் உயரத்தில் அறுகோண ஐஸ். கீழே நமக்குப் புழுங்கினாலும் அங்கே மைனஸ் 30, 40.

வளையத்தை அளக்கக் கருவி வேண்டாம். கையை நீட்டி, கட்டை விரல் நுனியை நிலா மேல் வைத்து ஒரு சாண் பிடியுங்கள். சுண்டு விரல் வளையத்தைத் தொடும். அறுகோண ஐஸின் ஒரு பக்கத்தில் நுழைந்து, ஒன்று விட்டு அடுத்த பக்கத்தில் வெளியேறும் ஒளி குறைந்தபட்சம் 22 டிகிரி திரும்பும். அதனால் தர்மபுரியானாலும் ஆல்பர்ட்டாவானாலும் அதே ஒரு சாண்தான். அந்த அக்கா பார்த்த மூன்று சூரியனில் பக்கத்துச் சூரியன்கள் இரண்டும் ஏறக்குறைய அந்தத் தூரத்திலேயே நிற்கும்.

நிலாவை ஒட்டியே சின்னதாக, கலர் கலராகத் தெரிகிறதே, அது வேறு, தண்ணீர்த் துளியின் வேலை. நம் ஆட்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. "அகல் வட்டம் பகல் மழை" என்றார்கள். அகலமான வட்டம் என்றால் மேலே ஐஸ் மேகம் பரவிவிட்டது, பின்னாலேயே மழை வரக்கூடும் என்று கணக்கு. எல்லாத் தடவையும் பலிக்காது, ஆனால் கணக்கு முட்டாள்தனமானதல்ல.

---

வத்தல்மலை_காபி | ஜூன் 13, இரவு 7:10

சார், அப்போ எங்க ஆயா பார்த்திருக்கு! கோட்டை கட்டினா களத்துல காயுற காபியை அள்ளி உள்ளே போடச் சொல்லும்.

---

தளி_பையன் | ஜூன் 14, மதியம் 1:30

போட்டோ ஃபார்வர்ட் பண்ணதுக்கு மன்னிச்சிடுங்க. பரிகாரமா நேத்து பூரா லைப்ரரியில உட்கார்ந்து படிச்சேன்.

அண்டார்டிகா நடுவுல ரஷ்யாக்காரங்களோட வோஸ்டாக் நிலையம் இருக்கு. கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம். 1983 ஜூலை 21-ம் தேதி அங்க மைனஸ் 89.2 பதிவாச்சு. நிலையத்துல தெர்மாமீட்டர் வச்சு அளந்ததுல உலகத்துலயே அதுதான் குறைவு. அங்க ஒரு வருசத்துக்கு விழுற பனி பூராவையும் உருக்கினா ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்தான் தேறுமாம். நம்ம ஊர்ல ஐப்பசியில ஒரு சாயங்காலம் இடி மழை பிடிச்சா டீ ஆறுறதுக்குள்ள அவ்வளவு பெஞ்சிடும். அந்தக் கொஞ்சத்துலயும் பெரிய பங்கு மேகத்துல இருந்து வர்றதில்ல, தெளிஞ்ச வானத்துல இருந்து இறங்குற இந்தக் காக்காப்பொன்தான்.

அது உருகுறதே இல்ல. ஒரு வருசத்துப் பொடி மேல அடுத்த வருசத்துப் பொடி. அதைத் துளைச்சு 3,600 மீட்டருக்கு மேல ஐஸ் தண்டு எடுத்திருக்காங்க. அதுல 4 லட்சம் வருசத்துக்கு மேல கணக்கு இருக்கு, அடைஞ்சு கிடந்த காத்துக் குமிழி உட்பட. அதியமான் காலமெல்லாம் மேல ஓரத்துலயே முடிஞ்சிடும்!

நம்ம நாட்டுக்கும் அங்க மைத்ரி, பாரதின்னு ரெண்டு நிலையம் இருக்கு. ஆனா ரெண்டும் கரைப் பக்கம், அவ்வளவு குளிர் இல்ல. டிப்ளமோ முடிச்சா அங்க போக முடியுமான்னு பார்த்துட்டு இருக்கேன்.

---

குளிர்மெக்கானிக் | ஜூன் 14, மதியம் 2:05

டீசல் மெக்கானிக், எலெக்ட்ரீசியன், சமையல்காரர், எல்லாரும்தான் அங்க வேணும். நல்லா படி. ரெஃப்ரிஜரேஷன் ஆளை மட்டும் கூப்பிட மாட்டாங்க.

மாங்கூழ்காரன் தம்பி, நான் சொன்னது, வாத்தியார் சொன்னது, எது சரின்னு நீங்கதான் முடிவு சொல்லணும். ஒரு வழி சொல்றேன். டிஃப்ராஸ்ட் ஓடுறப்போ ஃபேன் நிக்கும். ஃபேன் நின்னதும் அஞ்சு நிமிசம் விடுங்க, பறந்துட்டு இருக்குறது அடங்கட்டும். அப்புறம் கதவைத் திறங்க. அப்ப மின்னுனா அது புதுசு, நான் தோத்தேன்.

---

வடக்கே_போனவள் | ஜூன் 14, இரவு 11:30

கருப்புத் துணி எடுத்துட்டுப் போ தம்பி. துணியை முதல்லயே உள்ளே வச்சு நல்லா குளிர விட்டுடு, இல்லைன்னா விழுந்த உடனே உருகிடும். மூச்சு ஞாபகம் இருக்கட்டும்.

---

மாங்கூழ்காரன் | ஜூன் 17, காலை 7:05

மூணு நாள் லோடு அதிகம், எழுத முடியலை. நேத்து ராத்திரி செஞ்சு பார்த்தேன்.

கருப்புப் பேன்ட் துணி ஒரு முழம், அட்டையில குத்தி, சாயங்காலமே உள்ளே ரேக் மேல வச்சுட்டேன். என் சித்தப்பா பையன் நகைக்கடையில இருக்கான், கல்லு பார்க்குற லென்ஸை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். தொலைச்சா கொன்னுடுவேன்னு சொல்லித்தான் குடுத்தான்.

முதல்ல, ஃபேன் ஓடுறப்போ காயிலுக்குக் கீழே துணியைப் பிடிச்சேன். விழுந்ததை லென்ஸ்ல பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. உடைஞ்ச கண்ணாடி மாதிரி, உப்புக்கல்லு மாதிரி, கோணல் மாணல். மெக்கானிக் அண்ணா சொன்ன பொடி.

அப்புறம் டிஃப்ராஸ்ட். ஃபேன் நின்னுச்சு. அஞ்சு நிமிசம். டார்ச் அடிச்சா காத்து சுத்தமா இருக்கு, ஒண்ணும் மின்னலை. பையன் கதவை அரை நிமிசம் திறந்து மூடினான். வெள்ளையா உருண்டு வந்துச்சு, உள்ளே பரவுச்சு, அப்படியே கரைஞ்சுச்சு. போச்சுடான்னு நினைச்சேன். ஒரு நிமிசம் கழிச்சு, டார்ச் வெளிச்சத்துல, முதல்ல ஒண்ணு. அப்புறம் நாலு. அப்புறம் எண்ண முடியலை.

துணியில விழுந்ததுல முக்கால்வாசி என்னன்னே தெரியாத பொட்டுதான். ஆனா மூணு நாலு தகடு அப்பட்டமா ஆறு மூலை. திருகுல மாட்டுற நட்டு மாதிரி, ஆனா நடுவுல ஓட்டை இல்ல. ஒண்ணுல உள்ளேயே இன்னொரு ஆறு மூலைக் கோடு இருந்துச்சு. பக்கத்துல நின்ன பையன்கிட்ட "பார்றா"ன்னு சொல்ல வாயைத் திறந்தேன், அவ்வளவுதான், நாலும் போச்சு.

ரெண்டு பேரும் ஜெயிச்சீங்க. காயில் பக்கம் பழசு, கதவுப் பக்கம் புதுசு.

அப்புறம், கதவு கேஸ்கெட் கீழ் மூலையில ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சு கிடந்துச்சு. பிளாஸ்டிக் திரையிலயும் ரெண்டு பட்டை இல்ல. மேலிடத்துல சொல்லியாச்சு. நாளைக்கு ஆள் வர்றாங்க.

---

குளிர்மெக்கானிக் | ஜூன் 17, காலை 8:40

சூப்பர் தம்பி. கேஸ்கெட் மாத்தும்போது கதவு ஃப்ரேம்ல இருக்குற ஹீட்டர் ஒயரையும் செக் பண்ணச் சொல்லுங்க. அது போயிருந்தா புது கேஸ்கெட்டும் ஐஸ்ல ஒட்டிக் கிழியும். தரையில ஐஸ் படிஞ்சிருக்கும், சுரண்டி எடுங்க, ஃபோர்க்லிஃப்ட் வழுக்கும்.

---

அரூர்_ஹவில்தார் | ஜூன் 17, காலை 9:02

தம்பி, கேஸ்கெட் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நைட் நான் வந்து பார்க்க முடியுமா? கேட்ல வாட்ச்மேன்கிட்ட என்ன சொல்லணும்னு சொல்லுங்க. மச்சானையும் கூட்டிட்டு வர்றேன்.